காலி பாட்டில் எங்கே போகும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிறுதானியப் பானங்கள் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பாதிக்கு மேல் பானத்தைப் பற்றியவை அல்ல, அதை எதில் ஊற்றி விற்பது என்று கேட்டவை. நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளும், அதில் இருக்கும் விஷயம் அப்படி.

வாசகி, பெருந்துறை: ஒரு வருடமாகக் கம்பங்கூழில் மோர் கலந்து 250 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துக் காலையில் விற்கிறேன். சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் இரண்டு கம்பெனி, ஒரு ஜிம், நாலு மளிகைக் கடை, தினமும் 120 பாட்டில் போகிறது. ரோட்டோரக் குப்பையில் என் பாட்டிலையே பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. டிசைன் செய்யும் தம்பி ஒருவர் பழுப்பு நிறக் காகிதக் கப்பில் பச்சை இலை போட்டு, ‘மக்கும் கப், ஹெல்த் டிரிங்க்’ என்று அச்சடித்து மாதிரி காட்டினார். அழகாகத்தான் இருக்கிறது. மாறிவிடலாமா?

பதில்: அந்தக் கப் வேண்டாம் சகோதரி. காகிதம் ஈரம் தாங்காது, அதனால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஒரு கப்பைக் கிழித்து வெந்நீரில் ஊறப்போட்டுப் பாருங்கள், காகிதம் கூழாகிவிடும், பூச்சு தோல் மாதிரி தனியாக மிதக்கும். பழைய பேப்பர்காரரும் அதை எடுக்க மாட்டார், பிளாஸ்டிக் வாங்குபவரும் எடுக்க மாட்டார். இன்னொன்று, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. கடைகளில் இன்னும் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கட்டும், உங்கள் பெயர் போட்ட பானத்தை அதில் ஊற்றாதீர்கள்.

“இது பிளாஸ்டிக் இல்லை, சோளத்தில் செய்த பூச்சு” என்று அந்தத் தம்பி சொல்லக்கூடும். அப்படி ஒன்று உண்மையில் உண்டு, பிஎல்ஏ என்பார்கள். ஆனால் அது மக்க வேண்டுமானால் சுமார் 60 டிகிரி சூட்டை விடாமல் வைத்திருக்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். வாய்க்காலிலோ வேலியோரத்திலோ கிடந்தால் சாதாரண பிளாஸ்டிக் மாதிரி அப்படியேதான் கிடக்கும். நானே சில வருடங்களுக்கு முன் ‘மக்கும்’ என்று எழுதியிருந்த பைகளை நம்பி வாங்கி, வீட்டு உரக்குழியில் போட்டேன். அடுத்த வருடம் செடிக்கு உரம் அள்ளும்போது கிழிசல் கிழிசலாக வெளியே வந்தது, உட்கார்ந்து கையால் பொறுக்கினேன். அன்றிலிருந்து யார் மக்கும் என்று சொன்னாலும் எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள்.

சரி, வேறு என்ன வழி? உங்கள் வியாபாரத்தில் பெரிய பிராண்டுகளுக்கே இல்லாத ஒரு வசதி இருக்கிறது. தினமும் அதே ஆட்கள், அதே ஏழு இடம், அதே வண்டி. காலையில் பானத்தோடு போகும் வண்டி திரும்பும்போது சும்மாதானே வருகிறது? அதில் காலி பாட்டில் வரட்டும். திரும்பி வரும் கண்ணாடி பாட்டில்தான் உங்களுக்குச் சரியானது.

நமக்கு இது புதிதும் இல்லை. கோலி சோடா பாட்டிலை யாராவது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்களா? கடையிலேயே நின்று குடித்துவிட்டு வைத்துவிட்டு வருவோம். 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் கலர், சோடாவெல்லாம் பல காலம் மரப்பெட்டியில் போய், காலியாகி, அதே பெட்டியில் திரும்பி வந்தவைதான். நீலகிரியில் உடைந்த மது பாட்டில்கள் காட்டில் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போய், 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. அந்தப் பத்து ரூபாய்க்காக ஜனங்கள் குனிந்து எடுக்கிறார்கள். நீங்களும் முன்பணம் வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். கம்பெனி கேன்டீனிலும் ஜிம்மிலும் ஒரு டிரே வைத்துவிட்டால் அங்கே முன்பணம்கூடத் தேவைப்படாது. மளிகைக் கடையில் மட்டும் கண்டிப்பாக வேண்டும்.

பாட்டில் வாங்கும்போது அழகைவிட வாயைப் பாருங்கள். கூழ் ஒட்டும் பண்டம், காய்ந்துவிட்டால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். பிரஷ் தாராளமாக உள்ளே போய்ச் சுற்றும் அகல வாய் வேண்டும், அடியில் மூலை முடுக்கு இல்லாமல் வளைவாக இருக்க வேண்டும், எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே மூடி பொருந்த வேண்டும். குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லி வையுங்கள், உங்கள் வேலை பாதியாகக் குறையும். கழுவுவதற்கு வாஷிங் சோடா கரைத்த வெந்நீர், பிரஷ், நல்ல தண்ணீரில் இரண்டு அலசல், அப்புறம் பெரிய இட்லி அண்டாவில் கவிழ்த்து கால் மணி நேரம் ஆவி. குளிர்ந்த பாட்டிலைக் கொதிக்கும் நீரில் சட்டென்று போட்டால் விரிசல் விட்டுவிடும், சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள். துணியால் துடைக்க வேண்டாம், தானாகக் காயட்டும். வாய் சில்லு பெயர்ந்த பாட்டிலை அன்றைக்கே ஒதுக்கிவிட வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

மூடியில் ஏமாந்துவிடாதீர்கள். தகர மூடிக்குள் ஒரு ரப்பர் மாதிரி வளையம் இருக்கும், அது தேய்ந்தால் ஒழுகும், வாசனையும் பிடிக்கும். மூடியை மட்டும் புதிதாகப் போடுங்கள். அப்புறம், கூழ் புளித்துக்கொண்டேதான் இருக்கும், பாட்டிலில் அடைத்துவிட்டோம் என்பதற்காக அது நிற்காது, உள்ளே காற்று சேரும். பிளாஸ்டிக் பாட்டில் உப்பி உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது, கண்ணாடி காட்டிக்கொடுக்காது, வெடிக்கும். கழுத்து வரை ஊற்றாமல் இடம் விடுங்கள், அடைத்ததிலிருந்து குடிக்கும் வரை ஐஸ் பெட்டியில் இருக்கட்டும், அன்றைய பாட்டில் அன்றே தீரட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டில் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 தடவை திரும்பி வந்தால் ஒரு தடவைக்கு 50 காசு. அதோடு மூடி, கழுவும் கூலி, தண்ணீர், விறகோ கேஸோ சேரும். பாட்டில்களை மட்டும் மூன்று நாள் ஓட்டத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டும், ஒன்று கடையில், ஒன்று கழுவும் இடத்தில், ஒன்று கையில். முதல் மாதம் கையைக் கடிக்கும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

லேபிளுக்கு வருகிறேன். பளபள ஸ்டிக்கர் வேண்டாம், கழுவும்போது உயிரை எடுக்கும். மாறாத விஷயங்களைப் பாட்டிலிலேயே அழியாத அச்சாகப் போட்டுவிடலாம், பழைய சோடா பாட்டில்களில் இருக்குமே அப்படி. அந்தச் செலவு இப்போது முடியாது என்றால் சாதாரணத் தாளை மைதாப் பசையில் ஒட்டுங்கள், வெந்நீரில் பட்டதும் கழன்று வந்துவிடும். தினமும் மாறுகிற தேதியை மூடியில் முத்திரை குத்துங்கள். சேர்மானங்கள், மோர் இருப்பதால் பால் பொருள் என்ற எச்சரிக்கை, அளவு, விலை, முகவரி, பச்சைப் புள்ளி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும் என்பது விதி. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனாலும் தமிழைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் போட யாரும் தடுக்கவில்லை.

‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை, 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளிடம் பால், தானியம், மால்ட் சேர்ந்த பானங்களை அந்தத் தலைப்பில் போடாதீர்கள் என்று அரசே சொன்னது. ‘கம்பங்கூழ், மோர், உப்பு’ என்று எழுதுங்கள். அதைப் படிக்கிறவருக்கே தெரியும்.

வாசகர், நாகர்கோவில்: முளைகட்டிய ராகி மால்ட்டைக் குடிக்கத் தயாராகக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கூரியரில் அனுப்ப ஆசை. பிளாஸ்டிக்கே தொடக் கூடாது என்று வைராக்கியமாக இருக்கிறேன். உடையாமல் அனுப்ப என்ன பேக்கிங் நல்லது?

பதில்: உங்கள் வைராக்கியத்தை மதிக்கிறேன் தம்பி, ஆனால் நீங்கள் அனுப்பப்போவது பெரும்பாலும் தண்ணீரை. ஒரு டம்ளர் மால்ட்டில் மாவு இரண்டு மூன்று ஸ்பூன், மீதி தண்ணீரும் பாலும் வெல்லமும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி 700 கிலோமீட்டர் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டுமா? கண்ணாடி உருக 1,500 டிகிரி வரை சூடு வேண்டும். ஒரே தடவை குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் கண்ணாடி பாட்டில் பிளாஸ்டிக்கைவிட நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மேலே பெருந்துறை சகோதரிக்குச் சொன்னது திரும்பி வரும் கண்ணாடி, சென்னையிலிருந்து உங்கள் பாட்டில் திரும்பி வராது.

மாவாகவே அனுப்புங்கள். ஐஸ் வேண்டாம், உடையாது, மாதக்கணக்கில் இருக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாவுக்கு ஈரக்காற்று ஆகாது, வெறும் காகிதப் பையில் கட்டி தட்டிப்போகும். அதற்காகக் கடையில் கிடைக்கும் பழுப்புக் காகிதப் பவுச்சை வாங்கினால் உள்ளே பிளாஸ்டிக்கோ அலுமினியத் தாளோ ஒட்டித்தான் வரும். வெளியே கிராமத்துக் காகிதம் மாதிரி இருக்கும், இரண்டையும் எளிதில் பிரிக்க முடியாது. அதைவிட ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த, எந்த வகை என்று எண் போட்ட பை நேர்மையானது. அல்லது, நான் செய்வதாக இருந்தால், முதல் தடவை நல்ல தகர டப்பாவில் கொடுப்பேன், அடுத்த தடவையிலிருந்து ஒரு கிலோ, இரண்டு கிலோ பையாக, ‘டப்பாவில் கொட்டிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்புவேன். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்பு இருந்ததே, நல்ல டப்பாவை நம் ஜனங்கள் தூக்கிப் போட மாட்டார்கள்.

எந்தப் பையாக இருந்தாலும் அச்சடிக்கக் கொடுக்கும் முன் உங்கள் தெருவில் பழைய பேப்பர், பிளாஸ்டிக் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போங்கள். காலி மாதிரியைக் காட்டி, “அண்ணே, இதை எடுத்துக்குவீங்களா, கிலோ என்ன விலை?” என்று கேளுங்கள். அவர் விலை சொன்னால் அது மறுசுழற்சிக்குப் போகும். கையை விரித்தால் குப்பைமேட்டுக்குத்தான் போகும், மேலே எத்தனை அம்புக்குறி முக்கோணம் போட்டிருந்தாலும் சரி. நிறமில்லாத தெளிவான பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலை அவர் மறுபேச்சில்லாமல் வாங்குவார், பச்சை, கறுப்பு என்று நிறம் ஏறினால் விலை இறங்கும். டிசைனர்கள் அட்டகாசமான நிறங்களைக் காட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகி, கும்பகோணம்: டெட்ரா பேக் அட்டைதானே? அப்படியானால் நல்லதுதானே?

பதில்: முக்கால் பங்கு அட்டை, சுமார் 20 சதவீதம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், 5 சதவீதம் அலுமினியம், அடுக்கடுக்காக ஒட்டியது. பானத்தைக் குளிர்ப்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் காப்பாற்றும், அது பெரிய உதவி, மறுக்கவில்லை. பிரித்தெடுக்கும் ஆலைகளும் உண்டு. ஆனால் உங்கள் ஊரில் அதைச் சேகரித்து அங்கே அனுப்ப ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அது வெறும் குப்பைதான்.

ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்: பள்ளி ஆண்டு விழாவில் 300 பிள்ளைகளுக்குப் பானகம் கொடுக்கப் போகிறோம். பேப்பர் கப் வாங்கலாம் என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி ஐயா. மேலே சொன்ன அதே தடைப் பட்டியலில் அந்தக் கப் இருக்கிறது, அதுவும் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்தால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் எவர்சில்வர் டம்ளர் 150 எடுங்கள், 300 வேண்டாம், வகுப்பு வகுப்பாகத்தானே வருவார்கள். மூன்று அண்டா தண்ணீர், முதலில் சாம்பலோ சோப்போ, அடுத்து அலசல், கடைசியில் வெந்நீர். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள், போட்டி போட்டுக்கொண்டு கழுவுவார்கள்.

மேடை விருந்தினர்களுக்கு மட்டும் இன்னொரு யோசனை. உங்கள் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை, பதநீர் குடிக்க ஓலையில் மடிப்பார்களே பட்டை, அதில் பானகம் கொடுங்கள். பதநீர் இறக்குபவரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டால் இருபது முப்பது மடித்துத் தருவார், கூலியைக் குறைத்துக் கேட்காதீர்கள். விழா அன்று காலையில் மடித்ததாக இருக்கட்டும், முந்தின நாளே மடித்துவைத்தால் ஓலை காய்ந்து மடிப்பு பிளந்து ஒழுகும். அப்படியே முன்கூட்டி வாங்க வேண்டி வந்தால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள்.