எண்ணெய் டின்னில் பச்சைச் சின்னம் இருந்தால் போதுமா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக் கடையும் கேட்டரிங்கும் நடத்துகிறோம். எங்களிடம் உணவு எடுக்கும் நிறுவனம் ஒன்று, 'உங்கள் கொள்முதல் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா?' என்று படிவம் அனுப்பியிருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: படிவம் இருக்கட்டும். கடந்த 3 மாத இன்வாய்ஸ்களை எடுத்து, பொருள்வாரியாகச் செலவழித்த வெள்ளியையும் வாங்கிய கிலோவையும் தனித்தனியே கூட்டுங்கள். உங்கள் தொழிலில் பெரும்பாலும் அரிசி, எண்ணெய், இறைச்சி, பொட்டலப் பெட்டிகள்தாம் மேலே நிற்கும். ஸ்ட்ராவை மட்டும் மாற்றிவிட்டுப் பலகை மாட்டுவதெல்லாம் வீண்.

முதலில் செம்பனை எண்ணெய். சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் விளைவித்த செம்பனை எண்ணெய்க்கான தரவிதிகளை வகுக்கும் அமைப்பு ஆர்எஸ்பிஓ (RSPO). 2004இல் தொடங்கிய இந்த அமைப்பின் சான்றிலேயே வகைகள் உண்டு. 'செக்ரிகேட்டட்' என்றால் சான்று பெற்ற எண்ணெய் மட்டுமே. 'மாஸ் பேலன்ஸ்' வகையில் மற்ற எண்ணெயும் கலந்திருக்கும். ஆனால் உங்களுக்கு விற்ற அளவுக்குச் சான்று பெற்ற எண்ணெய் வாங்கப்பட்டதற்குக் கணக்கு இருக்கும். தொடக்கத்துக்கு இதுவே போதும்.

கோட்டை விடுவது நடுவில்தான். ஆலைக்குச் சான்று இருக்கும். மொத்த வியாபாரி பீப்பாயில் வாங்கி 17 கிலோ டின்களில் ஊற்றி விற்பார். அவரிடம் சான்று இல்லையென்றால் அந்த டின்னைச் சான்று பெற்ற எண்ணெயாகக் காட்ட முடியாது. ஆகவே டின்னில் உள்ள சின்னத்தை நம்பாமல், ஒவ்வொரு இன்வாய்ஸிலும் சான்றிதழ் எண்ணும் வகையும் அச்சாகி வரவேண்டும் என்று கேளுங்கள். எண்ணை ஆர்எஸ்பிஓ இணையத்தளத்தில் சரிபாருங்கள், காலாவதித் தேதியோடு. மெனு அட்டையில் சின்னம் போடுவதற்கு அனுமதி தனி, அவசரப்பட வேண்டாம்.

லாரி நடையைக் குறைக்க அரிசி, பருப்பு, மசாலாவை மொத்தமாக வாங்கலாம். கொத்தமல்லியையும் கறிவேப்பிலையையும் அப்படி வாங்கினால் மிச்சமானது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் 'மக்கும்' கரும்புச்சக்கைப் பெட்டிக்கு மாறலாமா? விலை கூடுதலாக இருக்கிறது.

பதில்: மக்கும் என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் கடைக் குப்பையில் போடும் பெட்டி எரிஉலைக்குப் போகிறது. சாம்பல், குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்கு. மக்குவதற்கு இடமேது? எண்ணெய் ஊறாமலிருக்கச் சில சக்கைப் பெட்டிகளில் பிஎஃப்ஏஎஸ் (PFAS) என்ற, எளிதில் சிதையாத ரசாயனம் சேர்க்கிறார்கள். வாங்குவதானால், அது இல்லை என்பதற்கு ஆய்வக அறிக்கை கேளுங்கள். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

அலுவலக கேட்டரிங்குக்குத் திரும்ப எடுத்துவரும் எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. எத்தனை போனது, எத்தனை வந்தது என்று டெலிவரி தாளிலேயே கையெழுத்து வாங்குங்கள், இல்லையென்றால் மூடிகள் காணாமல் போகும். பொட்டலத்தில் கரண்டி, முள்கரண்டியைக் கேட்டவருக்கு மட்டும் வையுங்கள்.

ஆண்டு வருவாய் 1 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்கள், சந்தைக்கு அனுப்பும் பொட்டலப் பொருள்களின் எடையைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். நீங்கள் அந்த அளவில் இல்லாவிட்டாலும் கணக்கு வைத்திருங்கள். படிவம் அனுப்பும் பெரிய நிறுவனங்கள் அதைத்தான் கேட்கும். ஒவ்வொரு வகையிலும் 10 பெட்டிகளைத் தராசில் சேர்த்து வைத்து, வந்த எடையைப் பத்தால் வகுத்தால் ஒன்றின் எடை கிடைத்துவிடும்.