அமெரிக்காவின் அரிசோனாவில் அபாச்சிப் பூர்வகுடிகளுக்கும் வெள்ளைக் குடியேறிகளுக்கும் நடுவே சமாதானம் காக்க முயன்றவர்கள் எதையெல்லாம் இழந்தார்கள்?

வெள்ளைக்காரரான டாம் ஜெஃபர்ட்ஸுக்கும் அபாச்சித் தலைவர் கொச்சீஸுக்கும் இருந்த நட்பைப் பலரும் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ராயல் விட்மன். கேம்ப் கிராண்ட் என்ற சிறிய ராணுவ முகாமின் பொறுப்பில் இருந்த லெப்டினன்ட்.

1871 பிப்ரவரியில், பறிபோன ஒரு பிள்ளையைத் தேடி ஐந்து அபாச்சிக் கிழவிகள் அங்கே வந்தார்கள். விட்மன் சாப்பாடு கொடுத்து மரியாதையாக அனுப்பினார். அந்த மரியாதையை நம்பித்தான் தலைவர் எஸ்கிமின்சின் வந்தார். ஓடி ஓடி அலுத்துவிட்டது, எங்கள் அரவைப்பா ஓடைக்கரையிலேயே பயிர்செய்து பிழைக்க விடுங்கள் என்று கேட்டார். சில வாரங்களில் சுமார் 500 பேர் சேர்ந்துவிட்டார்கள். முகாமுக்கு வைக்கோல் அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள்.

அவர்களை அங்கே குடியமர்த்த விட்மனுக்கு அதிகாரம் கிடையாது. நடந்ததை எல்லாம் எழுதி மேலிடத்தில் உத்தரவு கேட்டார். பல வாரம் கழித்து அந்தக் கடிதம் அப்படியே திரும்பி வந்தது. உள்ளே இருப்பதன் சுருக்கத்தை வெளிப்புறம் குறிக்கவில்லை என்பது காரணம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏப்ரல் 30 விடியலில் டூசான் நகரப் பக்கத்து அமெரிக்கர்கள், மெக்சிகர்கள், அபாச்சிகளின் பழம்பகைவர்களான டோஹோனோ ஓதம் மக்கள் சேர்ந்து அந்தக் குடியிருப்பைத் தாக்கினார்கள். ஆண்கள் பெரும்பாலும் வேட்டைக்குப் போயிருந்தார்கள். நூற்றுக்கு மேல் செத்தார்கள், அநேகமாக எல்லாரும் பெண்களும் குழந்தைகளும். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தூக்கிப் போனார்கள்.

மலைக்குப் போய் உயிர்தப்பியவர்களிடம் பேச 100 டாலர் தருகிறேன் என்று மொழிபெயர்ப்பாளர்களிடம் விட்மன் சொல்லிப் பார்த்தார். யாரும் துணியவில்லை. பிறகு ஆட்களை அழைத்துப்போய்ப் பிணங்களைப் புதைத்தார். அதைப் பார்த்தாவது தன் துக்கம் அவர்களுக்குப் புரியட்டும் என்று எண்ணினார். புரிந்தது. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். பிடித்துப்போன பிள்ளைகளை மீட்டுத் தாருங்கள் என்றுதான் மன்றாடினார்கள்.

டிசம்பரில் தாக்கியவர்கள்மேல் டூசானில் வழக்கு நடந்தது. சுமார் 100 பேரையும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்புச் சொல்ல ஜூரிக்கு 19 நிமிடம் போதுமாக இருந்தது. விட்மனைத்தான் விடவில்லை. குடிகாரன், பெண்பித்தன் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அவரை ராணுவ நீதிமன்றத்திலும் நிறுத்தினார்கள், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

எஸ்கிமின்சின் இழந்ததை எழுதக் கை வரவில்லை. மனைவி மக்களைப் பறிகொடுத்து, ஒரு சிறு மகளோடு தப்பியவர். சில வாரங்களில், சார்லஸ் மெக்கின்னி என்ற வெள்ளைக்கார நண்பரின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவரையே சுட்டுக் கொன்றார். இரண்டு இனத்துக்கும் இனி நட்பு கிடையாது என்று தன் ஆட்களுக்குக் காட்டத்தான் அப்படிச் செய்தார் என்பார்கள். அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சமாதானத்தை அவ்வளவு நம்பிய ஒரு மனிதரை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்பதை மறந்துவிட்டு அவரைக் கொலைகாரர் என்று மட்டும் எழுதுவது அநியாயம்.

அதன்பிறகும் அவர் சான் பெட்ரோ ஆற்றங்கரையில் பண்ணை போட்டு உழைத்தார். குடியேறிகள் அங்கிருந்தும் விரட்டினார்கள். முதுமையில் விசாரணையே இல்லாமல் அலபாமாவில் சிறை வைத்தார்கள். 1894-இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு இறந்தார்.