நான் வரையும் இயற்கைக் காட்சியில் ஆழமும் வெளிச்சமும் வரவே மாட்டேன் என்கிறதே, என்ன செய்யலாம்?

தூரத்து மலைக்கும் முன்னால் நிற்கும் மரத்துக்கும் ஒரே பச்சை டியூப்பைப் பிதுக்கியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் மூன்று வருடம் அதைத்தான் செய்தேன்.

நான் மலேசியாவில் பினாங்குக்காரன். தஞ்சோங் பூங்கா கடற்கரையில் உட்கார்ந்து, கடலுக்கு அந்தப் பக்கம் தெரியும் ஜெராய் மலையை வரைவேன். நம் கடாரத்து மலைதான். 1,217 மீட்டர் உயரம், சுமார் 40 கிலோமீட்டர் தூரம். என் படத்தில் மட்டும் பாசி பிடித்த பாறாங்கல் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் பெரியப்பா கூட வந்தார். அந்தக் காலத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதியவர். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த ஓர் இலையை எடுத்துக் கொடுத்து, "கையை நீட்டிப் பிடி. ஒரு கண்ணை மூடிக்கிட்டு, மலைக்குப் பக்கத்துல வச்சுப் பாருடா" என்றார்.

இலை பச்சை. மலை பச்சையே இல்லைங்க! துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடக் கால்சட்டையின் நீலம். இடையில் இருக்கும் அத்தனை காற்றும் ஈரமும் நீல ஒளியைச் சிதறடித்து, மலையின் இருட்டையெல்லாம் வெளுக்க வைத்துவிடுகின்றன. அன்றிலிருந்து மலைக்கு அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை, துளி பர்ன்ட் அம்பர் என்கிற அடர்பழுப்பு, அவ்வளவுதான். ஓரங்களை உலர்ந்த தூரிகையால் லேசாகத் தேய்த்து மங்கலாக்கிவிடுவேன்.

வெளிச்சத்துக்கு வெள்ளையை அள்ளி அப்பாதீர்கள், சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். 17ஆம் நூற்றாண்டில் கிளாட் லொரைன் என்ற பிரெஞ்சு ஓவியர் சூரியனையே அடிவானத்தில் வைத்து வரைந்தவர். ஓரத்தில் இருண்ட மரங்கள், நடுவே தண்ணீர், அதற்கப்பால் எல்லாம் மங்கல். அதைப் பார்த்து நானும் இடப்பக்கச் சவுக்கு மரத்தை நன்றாக இருட்டாக்கினேன். வானத்தைத் தொடவே இல்லை, அது தானாக விடிந்தது.

"வெள்ளைக்காரன் பாணி நமக்கெதற்கு" என்று யாராவது வருவார்கள். ஜெராய் மலையை நீலமாக்கியது வெள்ளைக்காரன் இல்லை. அப்புறம், நான் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன். முறையாகப் படித்தவர்கள் திருத்துங்கள், திட்ட வேண்டாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: சொந்தக்காரர்களுக்குச் சும்மா வரைந்து கொடுக்காதீர்கள். அக்கா புதுவீடு குடிபோனபோது, கேன்வாஸுக்கே 60 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்து அந்தப் படத்தைக் கொடுத்தேன். மின்சார மீட்டர் பெட்டியை மறைக்க மாட்டியிருக்கிறார்கள். அதுவும் போகட்டும். போன தீபாவளிக்குப் போனால், "தம்பி, மலை ரொம்ப மங்கலா இருக்கு, கொஞ்சம் பச்சை அடிச்சுக் குடேன்" என்கிறாள்.