அமெரிக்காவில் சர்ஜரி ரெசிடென்சியை (டாக்டர் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் செய்யும் அறுவை சிகிச்சைப் பயிற்சியை) நடுவில் வேறு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா? இடமே போய்விட்டால்?

மாறலாம். ஆனால் வேறு மருத்துவமனையில் உங்கள் ஆண்டிலேயே ஒரு இடம் காலியாக வேண்டும். ஐந்து வருடப் படிப்பில் கடைசி இரண்டு வருடத்தை ஒரே இடத்தில் முடிக்க வேண்டும் என்பது அமெரிக்க சர்ஜரி போர்டின் விதி. அதனால் மூன்றாம் வருடம் தாண்டினால் கதவு அநேகமாக மூடிவிடும். பிரிலிமினரி இடத்தில், அதாவது ஐந்து வருடமும் உறுதியில்லாத தற்காலிக இடத்தில், இருப்பவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்: அந்த இடமே பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான்.

பெரிய முட்டுக்கட்டை பழைய இடத்தின் புரோகிராம் டைரக்டர் (பயிற்சிக்குப் பொறுப்பான தலைமை மருத்துவர்)தான். சேர்க்கும் இடம் அவரிடமிருந்து மதிப்பீட்டு அறிக்கை வாங்கியே ஆக வேண்டும். அவருக்குத் தெரியாமல் நகர்வது நடக்காத காரியம். சண்டை போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

சரி, "நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினால்? அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். நீக்கம், ஒப்பந்தம் புதுப்பிக்காமை இரண்டையும் எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும் என்பது ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏ.சி.ஜி.எம்.இ.யின் விதி. ராஜினாமா செய்தால் அந்த வழி பெரும்பாலும் போய்விடும். மருத்துவ உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது பயிற்சியில் நடவடிக்கை ஏதும் உண்டா என்று பல மாநிலங்கள் கேட்கும், எத்தனை வருடம் கழித்தானாலும்.

ஜே-1 விசாவில் (பயிற்சிக்காக வரும் வெளிநாட்டு மருத்துவர்களுக்கான தற்காலிக விசா) நம்மூரிலிருந்து போனவர்களுக்கு நெருக்கடி அதிகம். இடம் போனால் விசாவும் ஆட்டம் காணும். துறை மாற ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் முதல் இரண்டு வருடத்துக்குள். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.