உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டுகிறது, காலையில்தான் அதிகம், ஆனால் பிரஷர் 120/80, நார்மல்?

உட்கார்ந்து எடுத்த 120/80 இதற்குப் பதில் சொல்லாது. நின்றபடி எடுத்துப் பாருங்கள்.

எழுந்ததும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டு நாடியைக் கூட்டும், ரத்தக் குழாய்களை இறுக்கும். உடம்பில் நீர் குறைந்திருந்தால் இந்தச் சமாளிப்பு போதாது, பிரஷர் சரிந்து கண் இருட்டும். காலையில்தான் அதிகம் என்கிறீர்கள், அதனால் முதல் சந்தேகம் நீர்க்குறைவின் மேல்தான்.

1. 5 நிமிடம் படுத்திருந்து பிரஷர், நாடி இரண்டையும் குறியுங்கள்.
2. கையில் சுற்றிய பட்டையைக் கழற்றாமல் எழுந்து நில்லுங்கள். 1, 3-ஆம் நிமிடங்களில் மறுபடி எடுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கணும். தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும்.

மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது பிரஷர் சரிவது உறுதி. கூடவே நாடி எகிறினால் நீர்க்குறைவாக இருக்கலாம். நாடி அசையவே இல்லையென்றால் நரம்புக் கோளாறாகவோ, பீட்டா பிளாக்கர் (நாடியை மட்டுப்படுத்தும் மருந்து) மாதிரி மருந்தாகவோ இருக்கலாம்.

அளவு இறங்காவிட்டாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். முதல் 15 நொடியில் வந்துபோகும் சரிவை வீட்டு மானி பிடிக்காது, அது காற்றடித்து முடிப்பதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும்.

பிரஷர் அல்லது புராஸ்டேட் மாத்திரை எடுப்பவரானால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே டாக்டர்.