பனி விலகினதும் ஊர் சின்னதாயிடுச்சு (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

சின்ன வயசுல சான் ஆண்ட்ரியாஸ், ரெசிடென்ட் ஈவில், சைலன்ட் ஹில்னு அந்த வீடியோ கேமெல்லாம் ராத்திரி பகலா விளையாடினவன் நான். இப்போ அதெல்லாம் ரீமாஸ்டர் (பழசையே மெருகேத்தறது), ரீமேக் (முதல்ல இருந்து புதுசா கட்டறது)னு ஒவ்வொண்ணா வருது, நானும் வர வர வாங்கிடறேன். கிராஃபிக்ஸ் சூப்பர், கன்ட்ரோல் சொன்ன பேச்சு கேக்குது, இதுதான் குறைன்னு ஒண்ணையும் காட்ட முடியல, ஆனா ரெண்டு நாள்ல மூடி வெச்சிடறேன். பழசுல இருந்த ஏதோ ஒண்ணு இதுல இல்ல. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா "கேம் அப்படியேதான்டா இருக்கு, உனக்குத்தான் வயசாயிடுச்சு"ங்கறாங்க. இது வெறும் நாஸ்டால்ஜியாதானா? இல்ல பழைய கேம்ல நிஜமாவே ஏதோ இருந்துச்சா? இருந்துச்சுன்னா இவ்ளோ பணமும் டெக்னாலஜியும் வெச்சிருக்கறவங்களால அதை ஏன் திரும்ப கொண்டு வர முடியல?

ஒரு வாசகர் (பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள தம்பிக்கு,

வயசுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. பன்னண்டு வயசுல ஒரு கேமுக்குள்ள போனா அதோட எல்லை எங்க இருக்குன்னே தெரியாது, எந்த மூலையில வேணா எது வேணா இருக்கும்னு தோணும், பெரியவனானதும் இங்க லெவல் முடியுதுன்னு தூரத்துலயே தெரிஞ்சிடும். ஆனா எல்லாமே அதுதான்னு உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன், அதுக்கு என்கிட்ட ஒரு காரணம் இருக்கு.

ஹேலோங்கற துப்பாக்கிச் சண்டை கேமோட முதல் பாகம் 2001ல வந்துச்சு, அப்போ நான் அதைத் தொட்டதே இல்ல. பத்து வருஷம் கழிச்சு 2011ல ஆனிவர்சரி எடிஷன்னு விட்டாங்களே, அதுலதான் முதல் தடவை விளையாடினேன், அதனால எனக்கு அதுல சின்ன வயசு ஞாபகம்னு எதுவுமே கிடையாது. அந்த எடிஷன்ல ஒரு வசதி, விளையாடிட்டு இருக்கும்போதே ஒரு பட்டனை அமுக்கினா புது கிராஃபிக்ஸ் போய் பழசு வந்துடும், திரும்ப அமுக்கினா புதுசு வந்துடும். அடியில ஓடற கேம் ஒண்ணேதான், எதிரி நிக்கற இடமும் ஒண்ணேதான். '343 கில்டி ஸ்பார்க்'னு அதுல ஒரு லெவல், காணாமப் போன கேப்டனைத் தேடி சதுப்பு நிலத்துல இறங்கறோம். பழைய கிராஃபிக்ஸ்ல மரமெல்லாம் கறுப்பு கறுப்பா நிழல் மாதிரி நிக்குது, கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் பனியும் இருட்டும்தான், எதிரிங்களே எதையோ பாத்து பயந்து ஓடறாங்க, எதைப் பாத்துனு நமக்குத் தெரியல. நான் பட்டனை அமுக்கினேன். செடி கொடியெல்லாம் தனித்தனியா தெரிஞ்சுது, வெளிச்சம் வந்துடுச்சு, பாக்க அவ்ளோ அழகு, ஆனா பயம் போயிடுச்சு, ஏதோ காட்டுக்குள்ள சும்மா நடக்கற மாதிரி இருந்துச்சு. திரும்ப அமுக்கினேன், பயம் திரும்ப வந்துடுச்சு. அந்த லெவல் முழுக்க இதையே பண்ணிட்டிருந்தேன். அதே ஆளு, அதே வயசு, அதே ராத்திரி, மாறினது படம் மட்டும்தான்.

சரி, அப்போ அந்தப் பழைய படத்துல என்ன இருந்துச்சு? தடை இருந்தா கற்பனை வளரும், அதனாலதான் பழசு நல்லா இருந்துச்சுனு சிம்பிளா சொல்லிட்டுப் போறவங்க நிறைய பேரு, எனக்கு அது பத்தாது, ஏன்னா அதே தடையோட எவ்வளவோ மோசமான கேமும் வந்திருக்கு. நான் புரிஞ்சுக்கிட்டது என்னன்னா, மெஷின்ல ஒரு தடை இருந்துச்சுன்னா அதை மனசுல வெச்சுதான் மத்த எல்லா முடிவையும் எடுத்தாங்க, ரோடு எங்க வளையணும், சத்தம் எப்போ வரணும், எதிரி எவ்ளோ மெதுவா நடக்கணும், எல்லாமே. ரீமேக் பண்றப்போ தடையை மட்டும் எடுத்துடறாங்க. அதை நம்பி எடுத்த முடிவெல்லாம் அப்படியே இருக்கு, ஆனா அதுக்கான காரணம் போயிடுச்சு. தூணை உருவிட்டு கூரை நிக்கும்னு நினைக்கற மாதிரி.

நீங்க சொன்ன சான் ஆண்ட்ரியாஸையே எடுத்துக்கோங்க. 2004ல பிளேஸ்டேஷன் 2ங்கற கேம் மெஷின்ல வந்துச்சு, அந்த மெஷினோட மெயின் மெமரி 32 எம்பி. மூணு நகரம், நடுவுல கிராமம், காடு, பாலைவனம், சிலியட் மலை, இத்தனையையும் அந்த 32 எம்பிக்குள்ள அடக்கணும்னா மொத்தத்தையும் ஒரே நேரத்துல காட்ட முடியாது, அதனால தூரத்துல இருக்கறதையெல்லாம் ஒரு மங்கலான புகை மூட்டத்துல கரைச்சாங்க. அந்த மூணு நகரத்துல ஒண்ணான லாஸ் சாண்டோஸ்ல சாயங்காலம் காரை எடுத்துட்டு வெளிய போனா, ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், முன்னாடி ஆரஞ்சு கலர்ல ஒரு மூட்டம், அதுக்கு அந்தப் பக்கம் என்னன்னு தெரியாது, ரொம்ப தூரம் வந்துட்டோம்னு நிஜமாவே தோணும். ஆனா அளந்து பாத்தா அந்த மேப் சின்னதுதான், அதைப் பெருசா காட்டினதே அந்த மூட்டமும் அந்த வளைவுகளும்தான். 2021 நவம்பர்ல டெஃபினிட்டிவ் எடிஷன்னு அதோட ரீமாஸ்டர் வந்தப்போ மூட்டம் போயிடுச்சு, ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் பளிச்னு தெரிஞ்சுது. சிலியட் மலை உச்சியில நின்னு பாத்தா நகரமெல்லாம் இதோ பக்கத்துலயே இருக்கு, ராத்திரி முழுக்க ஓட்டின மாதிரி இருந்த ரோடெல்லாம் மேஜை மேல வெச்ச பொம்மை ஊருக்குள்ள சுத்தற மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அதைப் பாத்தப்போ கோவம் வரல, மனசுதான் கனத்துப் போச்சு. அந்த எடிஷன்ல வேற கோளாறும் நிறைய, வெளியிட்ட ராக்ஸ்டார் கம்பெனியே மன்னிப்பு கேட்டாங்க, அப்புறம் 2024 நவம்பர் அப்டேட்ல பழைய லைட்டிங்கையும் பழைய வானத்தையும் ஒரு ஆப்ஷனா திரும்பக் கொண்டு வந்தாங்க. புதுசா போட்ட வெளிச்சத்தை விட பழசே மேல்னு ஜனங்க கேட்டு வாங்கினதுதான் அது.

சைலன்ட் ஹில் இதை விட ஆழமான கதை. 1999, முதல் பிளேஸ்டேஷன், மெயின் மெமரி வெறும் 2 எம்பி, தெருவை ரொம்ப தூரத்துக்கு வரைய முடியல, பனியும் இருட்டும் போட்டு மறைச்சாங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா எல்லாரும் இதோட நிறுத்திடறாங்க, எனக்கு முக்கியம் அதுக்கு அடுத்தது. பனியில கண்ணு உதவாதுன்னு ஆனதும் அவங்க நம்ம பாக்கெட்ல ஒரு ரேடியோவை வெச்சாங்க. ஏதாவது உருவம் பக்கத்துல வந்தா அது கரகரக்கும். எந்தப் பக்கம்னு தெரியாது, ஏதோ இருக்குன்னு மட்டும் தெரியும். பனி இல்லன்னா அந்த ரேடியோவுக்கு வேலையே இல்ல, கண்ணே பாத்துக்கும். பனி, ரேடியோ, அந்தக் காலித் தெரு, இசையமைப்பாளர் அகிரா யமாவோகாவோட அந்த இரும்பை உரசற மாதிரியான சத்தம், எல்லாம் ஒண்ணையொண்ணு தாங்கிட்டு நிக்குது. 2012ல ரெண்டாவது, மூணாவது பாகத்தை எச்டி கலெக்‌ஷன்னு திரும்ப விட்டாங்க, அதைப் பண்ணினவங்க கையில ஃபைனல் சோர்ஸ் கோட் (கேமை எழுதின மூல நிரல்) கூட இல்ல, முழுசா முடியாத வெர்ஷனை வெச்சு கட்டினாங்க. ரெண்டாவது பாகத்தோட ஹீரோ ஜேம்ஸ் படகை ஓட்டிட்டு ஏரியைக் கடக்கற சீன்ல பனி இருக்க வேண்டிய இடத்துல இல்லாம தண்ணி முடியற எல்லையே வெளிய தெரிஞ்சுது. அவ்ளோ நேரம் நம்பிட்டிருந்த ஊரு அந்த ஒரு பார்வையில சினிமா செட்டு மாதிரி ஆயிடுச்சு.

இதுலயே நீங்க கேட்ட கடைசி கேள்விக்கும் பாதி பதில் இருக்கு. பணம் இருந்தா கிராஃபிக்ஸை வாங்கலாம், ஆனா அன்னிக்கு ஏன் அப்படிப் பண்ணினாங்கங்கறது கோட்ல எழுதி இருக்காது, சில சமயம் கோடே இருக்காது. மீதிப் பாதி வியாபாரம். ரீமேக் விக்கணும்னா பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டணும், அந்த மாதிரி ஒப்பிட்டுப் பாக்கற படத்துல இருட்டு எப்பவுமே தோத்துடும், தெளிவா தெரியறதுதான் ஜெயிக்கும். பாக்கறதுக்கும் அதுக்குள்ள மூணு மணி நேரம் இருக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் படத்துல வராது.

எல்லா ரீமேக்கும் வேஸ்ட்னு நான் சொல்லல, சொன்னா அது அநியாயம். ரெசிடென்ட் ஈவில் 2ஐ பாருங்க. 1998ல ஒவ்வொரு ரூமும் முன்னாடியே ரெண்டர் பண்ணி, அதாவது கம்ப்யூட்டர்ல வரைஞ்சு வெச்ச படம், அதனால கேமரா நகராது, மூலையில உக்காந்து நம்மளை வேடிக்கை பாக்கும், எங்கயோ முனகல் கேக்கும், உருவம் ஃப்ரேம்ல இருக்காது. ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போக டிஸ்க்ல இருந்து லோட் ஆகணும், அந்த நேரத்தை மறைக்க கறுப்புத் திரையில ஒரு கதவு மெதுவா கிரீச்னு திறக்கும், உள்ள என்ன இருக்கோன்னு வயித்தைக் கலக்கும். ஆனா அந்தக் கதவு மூடினா நமக்கு ஒரு நிம்மதியும் உண்டு. 2019 ரீமேக்ல லோடிங் கதவு போச்சு, கேமரா தோளுக்குப் பின்னாடி வந்துடுச்சு, ரெண்டு தூணும் போச்சு. அதுக்கு அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா, கதவு இப்போ பெரும்பாலும் எதையும் தடுக்காதுங்கறதையே பயமா மாத்திட்டாங்க, மிஸ்டர் எக்ஸ்னு அந்த நெட்டை உருவம் ரூம் ரூமா நம்ம பின்னாலயே வருது, சுவத்துக்கு அந்தப் பக்கம் அவனோட பூட்ஸ் சத்தம் நெருங்கறது கேக்குது, பழசுல அவன் சில இடத்துலதான் வருவான். தடை போனதும் அதோட இடத்துல புதுசா ஒரு முடிவை எடுத்தாங்க. அதான் அது நின்னுச்சு.

2024ல வந்த சைலன்ட் ஹில் 2 ரீமேக் எனக்கு நடுவுல நிக்குது. பனியை விடாம வெச்சிருக்காங்க, இன்னிக்கு மெஷினுக்கு அது தேவையே இல்ல, இருந்தும் வெச்சாங்க, யமாவோகாவும் திரும்ப வந்தார், அதுக்கே கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா கேம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளம், சண்டை ஜாஸ்தி, பழசுல காலியா கிடந்த ரூம் என்னை ரொம்ப தொந்தரவு பண்ணும், இங்க எதுவுமே இல்லையே ஏன்னு நினைச்சுட்டே நடப்பேன், இதுல அந்த மாதிரி ரூம் கம்மி. பழைய கேம்ல கதாபாத்திரங்களோட முகத்துல ஒரு விறைப்பு இருந்துச்சு, பேச்சுக்கு நடுவுல சம்பந்தமில்லாத இடைவெளி வரும், கனவுல யாரோ பேசற மாதிரி. புது முகம் அழறப்போ ஒழுங்கா அழுது. நடிப்புனு பாத்தா புதுசுதான் மேல, ஆனா அந்த ஊருக்கு அந்த விறைப்புதான் பொருத்தம்னு எனக்குப் படுது.

பழைய கேமே இன்னிக்கு டிவியில வேற மாதிரி தெரியும், அந்த விஷயத்தையும் சொல்லிடறேன். மெகா டிரைவ்ங்கற பழைய மெஷின்ல வந்த சோனிக் கேம்ல அருவியை வெறும் செங்குத்துக் கோடுகளாதான் வரைஞ்சாங்க, பழைய டியூப் டிவியில படம் மொத்தத்தையும் ஒரே வயர்ல அனுப்பற காம்போசிட் வயர்ல அந்தக் கோடெல்லாம் ஒண்ணோடொண்ணு கரைஞ்சு கண்ணாடி மாதிரி தண்ணியா தெரியும். இன்னிக்கு ஸ்கிரீன்ல அதே கேமைப் போட்டா கோடு கோடாவே தெரியும். அதனால பழசைத் திரும்ப எடுத்து போட்டுப் பாத்து ஏமாந்தீங்கன்னா கேம் மேலயும் தப்பு சொல்லாதீங்க, உங்க ஞாபகத்து மேலயும் தப்பு சொல்லாதீங்க.

இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்க தம்பி. நீங்க ஹேலோ இதுவரைக்கும் விளையாடலன்னா ஆனிவர்சரியை எடுத்து, ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, அந்த சதுப்பு நில லெவலை முதல்ல புது கிராஃபிக்ஸ்லயே ஆரம்பிங்க, மரங்களுக்கு நடுவுல போனதும் பட்டனை அமுக்குங்க. என்ன தோணுச்சுனு எனக்கு எழுதுங்க, உங்க ஃப்ரெண்ட்ஸையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க.