கேள்வி மேடை: கணிதக் கோடைப் பயிற்சியில் புள்ளியியல் மாணவிக்கு என்ன வேலை?

பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எம்.டி.டி.எஸ். (கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல்) கோடைப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன். உடன் வருபவர்கள் பெரும்பாலும் கணித மாணவர்களாம். நான் பத்தாவது வரை தமிழ்வழி. எதைப் படித்துக்கொண்டு போவது? என் பாடத்துக்கு இதனால் பயன் உண்டா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

தயங்காமல் போங்கள். பேராசிரியர் எஸ். குமரேசன் முன்னின்று 1993-இல் தொடங்கிய பயிற்சி இது. தேசிய உயர்கணித வாரியத்தின் நிதியுதவியோடு வளர்ந்தது. உங்களுக்கு ‘ஓ’ நிலை, அதாவது தொடக்க நிலை. அங்கே ஆசிரியர் பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போவதில்லை. ஒரு வரையறையைப் பலகையில் எழுதி, ‘இதற்குப் பொருந்தும் உதாரணம் ஒன்று, பொருந்தாதது ஒன்று சொல்லுங்கள்’ என்று காத்திருப்பார். பதில் வராவிட்டால் இன்னும் காத்திருப்பார்.

புள்ளியியல்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். மைய எல்லைத் தேற்றத்தை வைத்து மடமடவென்று விடை வரவழைப்பார்கள். எல்லை என்றால் என்ன என்று கேட்டால் ‘கிட்டே கிட்டே போவது’ என்பதோடு நிற்பார்கள். கணிதம் துணைப்பாடமாக வரும்போது வகையீடும் தொகையீடும் வரும், நிறுவல் பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஆகவே கிளம்புமுன் இரண்டு விஷயம் போதும்.

ஒன்று, தொடர்முறை ஒருங்குவதன் வரையறை. எப்சிலான் என்ற நேர்ம எண் எவ்வளவு சிறிதாகக் கொடுக்கப்பட்டாலும் தொடர்முறையில் ஓர் இடம் கிடைக்கும். அதற்கு அப்பால் வரும் உறுப்புகளெல்லாம் எல்லையிலிருந்து எப்சிலானுக்குக் குறைந்த தூரத்தில் இருக்கும். இதன் மறுப்பைப் புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். பிறகு வரிசையை மாற்றிப் பாருங்கள்: ஒரே ஓர் இடம், அது எல்லா எப்சிலானுக்கும் செல்லும் என்றால்? அந்த இடத்துக்கு அப்பால் ஒவ்வோர் உறுப்பும் எல்லைக்குச் சமமாகவே இருந்தாக வேண்டும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் முதல் வாரத்துப் பயம் பாதி தீரும். அடுத்து, ஒருங்கும் தொடர்முறையின் சராசரிகளும் அதே எல்லைக்குப் போகும் என்று நிறுவுங்கள். கூட்டுத்தொகையை ஓர் இடத்தில் இரண்டாக வெட்டினால் வழி தெரியும். மறுதலை பொய்: −1, 1, −1, 1 என்று போவது ஒருங்காது, அதன் சராசரிகள் 0-க்குப் போகும்.

இரண்டாவது நேரியல் இயற்கணிதம். உங்கள் பாடத்துக்கு நேரடி லாபம் இதில்தான். துணைவெளி, நேரியல் சார்பின்மை, அடிக்கணம், பரிமாணம் ஆகிய நான்கையும் அணிக்கோவையைத் தொடாமல் படியுங்கள். பரவல்படி, அதாவது விலக்க வர்க்க சராசரி, காணும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது என்று அப்போது புலப்படும். 4, 7, 10 என்ற மூன்று அளவுகளை முப்பரிமாண வெக்டராக வையுங்கள். (1, 1, 1) திசையில் அதன் வீழல் (7, 7, 7). சராசரி அங்கே இருக்கிறது. மீதி (−3, 0, 3) அந்தத் திசைக்குச் செங்குத்தான துணைவெளியில் கிடக்கிறது. அதன் பரிமாணம் 2. வர்க்கங்களின் கூடுதல் 18, இரண்டால் வகுத்தால் 9. ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லாத, ஒரே எதிர்பார்ப்பு மதிப்பும் ஒரே பரவல்படியும் உள்ள அளவுகளானால், அந்தக் கூடுதலின் எதிர்பார்ப்பு மதிப்பு பரவல்படியின் இரண்டு மடங்கு. பரிமாணத்தால் வகுப்பதற்கு நியாயம் அதுதான்.

ரிக்ரஷனிலும் இதே கதை. தரவு கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் என்ற மூன்று மாநிலங்களிலிருந்து வருகிறது என்று வையுங்கள். மூன்றுக்கும் தனித்தனி 0-1 நிரல் போட்டு, மாறிலிக்கும் ஒரு நிரல் வைத்தால், மூன்றின் கூடுதல் மாறிலி நிரலாகிவிடும். நிரல்கள் சார்புடையவை, தலைகீழ் அணி இல்லை. மென்பொருள் ஒரு நிரலைச் சத்தமில்லாமல் நீக்குவதும் இதனால்தான்.

மொழி பற்றி: வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வரையறைகளை மட்டும் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள், யோசிப்பது தமிழில் இருக்கட்டும். பலகைக்குக் கூப்பிட்டால் அரைகுறை யோசனையோடும் எழுந்து போகலாம், அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். இரவில் கணக்கு சிக்கினால் செல்போனில் விடை தேடாதீர்கள். எந்த வரியில் சிக்கியது என்று குறித்துவைத்து, மறுநாள் அந்த வரியைக் கேளுங்கள்.

மகளை நான்கு வாரம் வெளியூர் அனுப்ப வேண்டும். செலவு எவ்வளவு ஆகும்? கல்லூரித் தேர்வு குறுக்கிட்டால்?
- வாசகர், கோபாலபுரம் (பாலக்காடு மாவட்டம்)

தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியின் பொறுப்பா என்று தேர்வுக் கடிதத்தில் பாருங்கள். ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள் என்றால் எந்த வகுப்புக்கு என்று தேர்வுக் கடிதத்திலேயே பார்த்துக்கொண்டு, பயணச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை மூன்றும் உங்களுக்குப் பக்கம்தான். மே மாதச் சீட்டுக்கு நெருக்கடி அதிகம், கடிதம் வந்த அன்றே முன்பதிவு செய்யுங்கள். பல்கலைக்கழகத் தேர்வு நடுவில் வந்தால் பயிற்சி அமைப்பாளருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பாடம் முந்தின நாளின் மேல் கட்டப்படுவது. மூன்று நாள் விட்டவரால் நான்காம் நாள் பின்தொடர முடியாது.

நிகழ்தகவில் ஒருங்குதல், ஏறக்குறைய நிச்சயமாக ஒருங்குதல்: இரண்டுக்கும் வித்தியாசத்தைத் தேர்வுக்காக எழுதுகிறேன், புரியவில்லை. கணிதப் பயிற்சி உதவுமா?
- எம்.எஸ்சி. மாணவர், வேலந்தாவளம்

உதவும். 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியில் சீராக ஒரு புள்ளி எடுக்கிறோம். இடைவெளியை முதலில் 2, அடுத்து 4, பிறகு 8 சம துண்டுகளாக வெட்டி, துண்டுகளை வரிசையாக எடுங்கள். புள்ளி அந்தத் துண்டில் இருந்தால் மதிப்பு 1, இல்லாவிட்டால் 0. துண்டின் நீளம் சுருங்குவதால் 1 வரும் நிகழ்தகவு 0-க்குப் போகிறது, இதுதான் நிகழ்தகவில் ஒருங்குதல். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எந்தப் புள்ளியும் ஏதாவதொரு துண்டில் அகப்பட்டே தீரும். அதன் மதிப்பு முடிவில்லாமல் 1-க்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒரு புள்ளியில்கூட ஒருங்கவில்லை, ஆகவே ஏறக்குறைய நிச்சயமாக ஒருங்குதல் இங்கே இல்லை. சுற்றுக்கு முதல் துண்டை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) நடத்தும் எம்.ஸ்டாட் முதுகலை நுழைவுத் தேர்வுக்கு இந்தப் பயிற்சி போதுமா?
- வாசகி, மீனாட்சிபுரம்

போதாது, இது கோச்சிங் வகுப்பு அல்ல. நிகழ்தகவும் புள்ளியியலும் தனியே படிக்க வேண்டும். விரிவாக எழுதும் பி.எஸ்.பி. தாளுக்கு மட்டும் இங்கே பழகிய நிறுவல் கைகொடுக்கும். பழைய வினாத்தாள்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே உள்ளன. வாரத்துக்கு ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.